பொட்டு வைத்த சிப்

“மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து உங்கள் தனுஷியா...” என்றுதான் தொடங்கினாள். ‘தனு’ வரை வந்தது. ‘ஷியா’ வரவில்லை. அதற்குப் பதிலாக ஹெட்போனுக்குள், காய்ந்த சட்டியில் கடுகு போட்ட மாதிரி ஒரு வெடிப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுப்பது போல ஒரு கீச்சல்.

பஸ்னா ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

“என்ன புள்ள அது? என்ட குரலா?” மைக்கைப் பிடித்தபடியே திரும்பினாள் தனுஷியா.

“உன்ட குரல் இல்லகா. சும்மா இரு, பார்க்கிறன்.”

பார்க்க ஒன்றும் இல்லை. பஸ்னாவுக்கு விளங்கிவிட்டது. கணினியின் பக்கக் கதவைத் திறந்து, சவுண்ட் காட் என்ற ஒலி அட்டையில் இருந்த அந்த நகத்தளவு கறுப்புத் துண்டின் மேல் விரலை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்து வாய்க்குள் விட்டுக்கொண்டாள். அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரிச் சுட்டது.

அந்தத் துண்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் கொண்ட ஒரு சிப். ஒப்-அம்ப் என்பார்கள். மைக்கிலிருந்து எறும்பு ஊர்வது போல வரும் ஒலியைப் பிடித்துப் பெரிதாக்கிக் கணினிக்குக் கொடுப்பது அதன் வேலை. மற்றவர்களுடைய காட்டில் அது ஈயம் வைத்து ஒட்டியபடி ஆயுள் முழுக்கக் கிடக்கும். பஸ்னா அப்படி விடுகிற ஆளில்லை. ஏறாவூரில் வீட்டின் முன்னறையில் கணினி திருத்துகிறவள், தன் காட்டில் சிப்பைக் கழற்றி மாட்டுவதற்கென்று ஒரு சொக்கட்டைத் தானே ஒட்டி வைத்திருந்தாள். ஒரு சிப் போடுவாள். கண்ணை மூடிக் கேட்பாள். “இதில வயலின் கொஞ்சம் புளிக்குது” என்பாள். கழற்றி வேறொன்று போடுவாள்.

“ஆக்கள் உடுப்பு மாத்துவாங்க. நீ சிப் மாத்துறாய்” என்று தனுஷியா சிரிப்பாள். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்த காலத்திலிருந்து வருகிற சிரிப்பு அது.

முதன்முதலாகச் சொக்கட்டில் சிப்பை மாட்டிய அன்று, தன் நெற்றியிலிருந்த கடுகளவு சிவப்பு ஒட்டுப் பொட்டைப் பிய்த்துச் சிப்பின் முதுகில் ஒட்டியவளும் தனுஷியாதான். “உன்ட புள்ளைக்குக் கண்ணூறு படக் கூடாது.”

“ஏய், நாங்க பொட்டு வைக்கிற ஆக்களாகா?”

“உனக்கா வச்சன்? சிப்புக்கு வச்சன். அது எங்கட ஆள்.”

அந்தப் பொட்டு வைத்த சிப் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் போன கிழமை இணையத்தில் ஓடர் பண்ணிய புதுச் சிப் ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது. தங்க முலாம் பூசிய கால்கள்! பஸ்னாவின் கை சும்மா இருக்குமா? பழையதைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள். மின்விசிறிக்குக் கீழே, வீட்டுக்குள், அது தேனாகப் பாடியது. பழையதை ஓட்டோ நிதுர்ஷனுக்குக் கொடுத்துவிட்டாள். அவனுடைய ஓட்டோ அம்ப்ளிபயர் கொஞ்ச நாளாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு சொக்கட் ஒட்டி மாட்டிக் கொடுத்தாள்.

அங்கேதான் பிழை நடந்தது. புதுச் சிப் பந்தயக் குதிரை. அவளுடைய சவுண்ட் காட்டோ மாட்டுவண்டிப் பாதை. வாவிக் கரையின் தகரக் கொட்டிலுக்குள், வெளியே கச்சான் காற்று அனலை வாரியிறைக்க, குதிரை தறிகெட்டுத் துள்ளத் தொடங்கிவிட்டது.

அதுவும் எந்த நாளில்!

வாவியின் தோணிப் போட்டி நாள் அது. கரை முழுக்கக் குடையும் தலையும். காலையிலிருந்து ஓடிய தோணிகளில் எஞ்சியவை இரண்டு: ஏறாவூர், கல்லடி. இறுதிப் போட்டியை இணையத்தில் நேரலையாகக் கேட்க டோஹாவிலும் குவைத்திலும் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களோடு கொழும்பில் ஒருவரும் காத்திருந்தார். பதியுதீன் என்று பெயர். ஒரு தமிழ் வானொலியில் விளையாட்டுப் பகுதிக்குப் பொறுப்பானவர். வர்ணனைக்கு ஒரு பெண் குரல் தேடுகிறார். “தேர்வு, நேர்முகம் எல்லாம் வேண்டாம் மகள். இறுதிப் போட்டியை நேரா ஒலிபரப்புங்க. நான் கேட்கிறன். அதுதான் தேர்வு” என்று தனுஷியாவிடம் சொல்லியிருந்தார்.

புடவைக்கடையில் நாள் முழுக்கத் துணி விரித்துக் காட்டுகிற தனுஷியா, சாப்பாட்டு நேரத்தில் தெருவில் போகிற பஸ்ஸைக்கூட வர்ணனை செய்து பழகியவள். இப்படி ஒரு கதவு அவளுக்கு முன்னர் திறந்ததில்லை. அதன் முன்னால்தான் இப்போது பஸ்னாவின் தங்கக் கால் சிப் படுத்துக் கிடந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“என்ன புள்ளையள், மீன் பொரிக்கிறயளா?”

கொட்டில் வாசலில் உதயரூபன் நின்றார். மைக்செட் உதயன் அண்ணன். இத்தனை காலமும் போட்டியைத் தன் ஹோர்ன் ஒலிபெருக்கியில் கத்தி நடத்தியவர். இந்த வருடம் இளசுகளுக்கு விடுவோம் என்று போட்டிக் குழு சொன்னதிலிருந்து அவருக்குள் ஒரு புகைச்சல்.

“சின்னப் பிரச்சினை அண்ணன்.”

“எனக்கெண்டா பரவாயில்ல. ஆனா குழுவில சொல்லிட்டாங்க. தோணி விடுற வெடி போடக்குள்ள உங்கட சத்தம் வரல்ல எண்டா நான் தொடங்கிரணுமாம். மறுகா என்ட ஹோர்ன் போட்டா, உங்கட மைக்குக்குள்ள நான்தான் கேட்பன்.”

அவர் போனதும் தனுஷியா கைபேசியைத் தூக்கினாள். “போன்லயே கதைக்கவா?” வெளியே நின்று சிறிது பேசிப் பதிவு செய்து போட்டுக் கேட்டார்கள். கச்சான் மட்டும் ‘ஓ’வென்று கத்தியது. கணினியின் சொந்த மைக் ஓட்டையோ போன மாரி இடியோடு செத்துவிட்டது. பௌர்ணமிப் போயா விடுமுறை நாள்; திருத்தும் கடையெல்லாம் பூட்டு.

“பஸ்னா, உண்மையச் சொல்லு. பழைய சிப் எங்க?”

“நிதுர்ஷன்ட ஓட்டோவில.”

தனுஷியா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “அப்ப நிக்கிறாய் என்னத்துக்கு? சுறுக்காப் போ!” என்று மட்டும் சொன்னாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க பஸ்னாவால் முடியவில்லை.

நிதுர்ஷனின் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான், பாட்டுப் போட்டால் அவனுக்குப் போன் கேட்காது. அந்தப் பாட்டைத் தெளிவாக்கிக் கொடுத்த புண்ணியவதியும் பஸ்னாதான்! ஸ்கூட்டியை முறுக்கினாள்.

சந்தையடியில் இல்லை. பஸ் நிலையத்தில் கேட்டபோது, “இப்பதானே ஆக்களை ஏத்திக்கிட்டுக் கல்லடிப் பாலத்துப் பக்கம் போனான்” என்றார்கள். பாலத்தடிக்கு வந்து பார்த்தால் தலை சுற்றியது. போட்டி பார்க்க வந்த ஓட்டோக்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே சிவப்பு. ஒவ்வொன்றிலும் பாட்டு. நடுவில் ஒரு பொலிஸ்காரர் விசிலும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தார்.

பஸ்னா ஸ்கூட்டியை ஓரம் கட்டினாள். கண்ணை மூடினாள்.

எந்தச் சிப் பாடுகிறது என்று கண்ணை மூடிச் சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் அவள். அது தன் சொந்தச் சிப். மாதக்கணக்காகக் காதில் வைத்துக் கேட்டது. இந்தக் கூட்டத்துக்குள் அதை அடையாளம் பிடிக்க முடியாதா என்ன?

முடியவில்லை. சத்தியமாக ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லா ஓட்டோவும் ஒரே மாதிரி ‘டும் டும்’ என்றன. ஒன்றிலும் வயலின் புளிக்கவில்லை. யா அல்லாஹ், இவ்வளவு காலமும் நான் கேட்டதெல்லாம் என்ன என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் அது கேட்டது. டும் டும்முக்கு அடியில், பாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், ‘கட கட கட கட’.

நிதுர்ஷனின் பின் நம்பர் பிளேட்! ஒரு பக்க ஆணி கழன்று, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் தகரத்தில் அடித்துக்கொள்ளும் பிளேட். “அதை இறுக்கித் துலை” என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! நல்ல காலம், அவன் கேட்கவில்லை.

“நிதுர்ஷன்! டேய்!”

அவன் தலையை வெளியே நீட்டினான். “ஆ, பஸ்னா! கேளன், சும்மா தேன் மாதிரிப் பாடுது!”

“பாட்டை நிப்பாட்டு. அந்தச் சிப்பைக் கழட்டு.”

“என்ன?”

“கழட்டித் தா! தனுஷியாட வேலை போகப் போகுது!”

அவன் முகம் மாறியது. வேறொன்றும் கேட்கவில்லை. பாட்டை நிறுத்தி, டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்து, சாவியாலேயே நெம்பினான். அதற்குள் பொலிஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்துவிட்டார். “எடுங்க, எடுங்க! இது என்ன கல்யாண வீடா?”

“பஸ்னா, நீ முன்னால ஓடு. நான் கொண்டு வாறன்!” சிப்பை முன் தட்டில் போட்டுக்கொண்டு ஓட்டோவைத் திருப்பினான் நிதுர்ஷன். ஸ்கூட்டி முன்னே, கடகட பின்னே.

கொட்டிலில் தனுஷியா கணினியை அணைத்து, காட்டைக் கழற்றி, மேசையில் துணி விரித்து வைத்திருந்தாள். வாவியில் இரண்டு தோணிகளும் புறப்படும் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தன. உதயரூபன் ஹோர்னுக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது ஒன்றுதான் அதிர்ஷ்டம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிரதம விருந்தினர் நீட்டிப் பேச வேண்டும் என்று பஸ்னா துஆக் கேட்டாள்.

நிதுர்ஷன் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் ஓட்டோவைக் கொட்டிலோடு ஒட்டி விட்டுவிட்டு ஓடி வந்தான். உள்ளங்கையை விரித்தான்.

இரண்டு சிப்.

“இதென்ன ரெண்டு?”

“ஒண்டு நீ தந்தது. மற்றது என்ட பழைய கரகரப்புச் சிப். எறிய மனம் வரல்ல. தட்டுலதான் கிடந்திச்சு...” அவன் குரல் இறங்கியது. “இதையும் அதுக்குள்ள போட்டுட்டன்.”

“எது எது?”

“நீ தந்ததில சிவப்புப் பொட்டு இருந்திச்சே?”

இரண்டையும் புரட்டினார்கள். இரண்டிலும் பொட்டு இல்லை. ஓட்டோ வெக்கையில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இரண்டும் எண்ணெய்ப் புழுதி பூசி, ஒரு தாய் பெற்ற பிள்ளைகளாகக் கிடந்தன. ஒரே நம்பர், ஒரே கறுப்பு.

மீற்றரில் பிடிபடுகிற கோளாறில்லை அது. விட்டு விட்டு வருகிற கரகரப்பு. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டு, காட்டை ஏற்றி, கணினியை எழுப்பி, நேரலையைத் தொடங்கிய பிறகு பிழையானால்? மறுபடி எல்லாவற்றையும் அணைத்துக் கழற்றுவதற்குள் தோணி கரைக்கு வந்துவிடும். ஒரே ஒரு தரம்தான்.

விருந்தினரின் பேச்சு முடிந்து கைதட்டல் கேட்டது.

பஸ்னா சிப் இரண்டையும் கண்ணருகே பிடித்தாள். எழுத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்குமோ என்று ஸ்பிரிட் துணியால் ஒன்றைத் துடைத்தாள். பளிச்சென்று வந்தது; ஒன்றும் தெரியவில்லை. மற்றதை எடுத்தாள். துணியை வைக்கப் போனாள்.

“துடைக்காத!”

தனுஷியா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“ஏன்கா?”

“விடு. வெளிச்சத்துக்குக் கொண்டா.” சிப்பை வாங்கி, வெயிலுக்குச் சரித்துப் பிடித்தாள். “இஞ்ச பார். இந்தப் புழுதியில ஒரு வட்டம் தெரியுதா?”

தெரிந்தது. கடுகளவு வட்டம். சுற்றியிருந்த புழுதியைவிட ஒரு படி தடிப்பாக, கறுப்பாக, அச்சு வைத்தது போல.

“நான் இதை ஊத்தை எண்டு...”

“உனக்கெப்படித் தெரியும்? நீ பொட்டு வைக்கிற ஆளா?” தனுஷியா அந்த அவதியிலும் சிரித்தாள். “பொட்டு விழுந்தாலும் பசை விழாது புள்ள. புழுதி முழுக்க அதிலதான் ஒட்டும். எங்கட வீட்டு நிலைக்கண்ணாடியை வந்து பார். இதான்கா எங்கட ஆள்!”

அதற்குப் பிறகு பஸ்னா தாமதிக்கவில்லை. சிப்பின் தலைப் பக்கத்தைக் காட்டும் சிறு குழியைப் பார்த்து, எட்டுக் காலையும் நேராக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து. ‘கிளிக்’. காட்டை ஏற்றினாள். பட்டனை அமுக்கினாள். கணினி எழும்பும் நேரத்தில் ஒரு போகம் நெல்லை விதைத்து அறுத்துவிடலாம் போலிருந்தது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது...

வெளியே உதயரூபன் ஹோர்னைத் தட்டிப் பார்த்தார். “ஹலோ... ஹலோ...”

“அண்ணன், ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம்!” நிதுர்ஷன் ஓடிப் போய் அவர் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

“தள்ளுடா. வெடி போடப் போறாங்க.”

“அவங்க தொடங்காட்டி நானே உங்கட வயரைப் பிடிச்சுத் தாறன். கொஞ்சம் பொறுங்கண்ணன்!”

உதயரூபன் கொட்டில் பக்கம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மைக்கைக் கீழே இறக்கினார். “வெடி விழுகிற மட்டும்தான் பொறுப்பன்.”

திரை வெளித்தது. பஸ்னா ஹெட்போனை மாட்டினாள். உள்ளே அமைதி; நல்ல அமைதி; தண்ணீரின் சலசலப்பு மட்டும் தூரத்தில். கையைத் தூக்கினாள்.

வெடி விழுந்தது.

“மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து உங்கள் தனுஷியா! இதோ புறப்பட்டுவிட்டன இரண்டு தோணிகளும்!”

‘ஷியா’ மணியாக விழுந்தது. பஸ்னாவுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை, குமிழைத் திருக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு தனுஷியாவைப் பிடிக்க ஆளில்லை. எழும்பி நின்றுவிட்டாள். “கல்லடி முந்துகிறது, அரைத் தோணி முன்னே! துடுப்புகள் எல்லாம் ஒரு கையாக விழுகின்றன! ஏறாவூர் விடவில்லை! அணியத்தில் ஜிப்ரி, பல்லைக் கடிக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது! காற்று திரும்புகிறது நேயர்களே, கச்சான் இப்போது கல்லடித் தோணியின் கன்னத்தில் அறைகிறது!”

தோணியின் முன்முனையான அணியத்தில் இருந்த ஜிப்ரி பஸ்னாவின் மாமி மகன். தனுஷியாவோ பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்லடி. பஸ்னா ஹெட்போனுக்குள்ளே “இழு மச்சான், இழு!” என்று முணுமுணுத்தாள், மைக்கில் விழாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூக்குக்கு மூக்கு! கல்லடி! ஏறாவூர்! கல்லடி! ஒரு துடுப்பு, இன்னும் ஒரு துடுப்பு... ஏறாவூர்! ஏறாவூர்! தோணியின் மூக்கு நுனியில் வெற்றி!”

கரை வெடித்தது. நிதுர்ஷன் உதயரூபனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தான். “விடுடா, மைக் உடையும்!” என்றபடி உதயரூபனும் ஒரு குதி குதித்தார். பிறகு கொட்டிலுக்குள் தலையை நீட்டி, “தண்ணியக் குடி புள்ள. தொண்டை போயிரும்” என்று ஒரு போத்தலை வைத்துவிட்டுப் போனார்.

தனுஷியாவின் போன் அடித்தது. கொழும்பு நம்பர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மகள், பதியுதீன் பேசுறன். நீங்க எந்த ஊர்?”

“கல்லடி சேர்.”

மறுமுனை சிரித்தது. “அப்படியா? கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவே இல்ல. அதுதான் எனக்கு வேணும். வாற கிழமை கொழும்புக்கு வாங்க. குரல் கண்ணாடி மாதிரி வந்திச்சு. ஆரு சவுண்ட் பார்த்தது?”

“என்ட கூட்டாளி பஸ்னா.” தனுஷியா அவளைப் பிடித்து இழுத்துப் போனருகே நிறுத்தினாள்.

“நல்ல வேலை மகள். ஒரு விசயம் கேட்கணும். பின்னால ‘கட கட கட’ எண்டு ஒரு சத்தம் விடாம வந்திச்சே...”

பஸ்னாவுக்கு முகம் வெளிறியது. மெல்லத் திரும்பினாள். கொட்டிலோடு ஒட்டியபடி, எஞ்சின் நிறுத்தாத ஓட்டோ, பிளேட்டை ஆட்டிக்கொண்டு நின்றது. அவள் காதில் விழவே இல்லை! கண்ணை மூடி வயலின் கேட்கிறவளின் காது!

“அது தோணிப் பலகையில துடுப்பு அடிக்கிற சத்தம்தானே? அற்புதமா இருந்திச்சு. நானே தோணியில இருக்கிற மாதிரி. அதுக்குத் தனி மைக்கா வச்சீங்க?”

பஸ்னா தனுஷியாவைப் பார்த்தாள். தனுஷியா வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் சாய்ந்துவிட்டாள்.

“ஓம் சேர்” என்றாள் பஸ்னா. “அது... தனி ஏற்பாடு.”

போன் அணைந்ததும் கொட்டிலே அதிரச் சிரித்தார்கள். தனுஷியா நெற்றியிலிருந்த பொட்டைப் பிய்த்து, கணினிக்குள் கைவிட்டு, பழைய வட்டத்தின் மேலேயே அழுத்தி ஒட்டினாள். பஸ்னா தங்கக் கால் சிப்பை எடுத்து நிதுர்ஷனிடம் நீட்டினாள். “இந்தா, உன்ட அம்ப்ளிபயருக்கு.”

“ஐயோ, அது கத்துற சாமான். வேணாம்! வேற நல்லதாப் பார்த்துத் தா.” அவன் ஓட்டோவின் பின்பக்கம் போய்க் குனிந்தான். “அதுவரைக்கும் நீ சொன்ன மாதிரி இந்த பிளேட்டையாவது இறுக்கிறன். ஒரு ஆணி இருக்கா?”

“அதில கை வச்சாயெண்டா” என்றாள் பஸ்னா, “கொன்டுருவன்.”